செல்லம்மா அக்காவின் இடுப்பு நோ

செல்லம்மா அக்கா போய்விட்டார். உரும்பிராயிலிருந்து காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி... போட்ட தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் அவருடைய வெங்காயத் தோட்டம். நான் அப்போது அரசாங்க கிளாக்கர். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்த வயது.

எங்கள் முதல் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் தவறிவிட்டது. அதோடு என் மனைவி ராணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள்தான்... சாப்பாடில்லை, பேச்சில்லை. டொக்டர் தந்த குளிசை நித்திரையைத் தந்தது, வேறொன்றும் தரவில்லை.

ஒருநாள் வேலிக்கு மேலால் அக்காவின் குரல். "பிள்ளை, ஒருக்கா வந்து இந்தத் தண்ணியை மாறிவிடு. எனக்கு இடுப்பு நோ, குனிய ஏலாமக் கிடக்கு."

ராணி எழும்பிப் போனாள். செருப்பில்லாமல் செம்மண் சேற்றில் நின்று, மண்வெட்டியால் வாய்க்காலை மறித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பினாள்.

அடுத்த நாளும் போனாள். இரண்டு கிழமையில் முகம் வெயிலில் கறுத்திருந்தது... குளிசை இல்லாமல் நித்திரை வந்தது.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். கந்தோரில் கூட வேலை செய்த ஒருவன் கேட்டுவிட்டான், "என்ன ஐசே, உம்மடை மனிசி தோட்டத்திலை கூலிக்கு நிக்கிறாவாம்?"

அன்று பின்னேரம் நீளக் காற்சட்டையோடேயே வரம்பில் போய் நின்று கத்தினேன். "அரசாங்க உத்தியோகத்தன்ரை பெண்சாதியைக் கூலிக்காரி ஆக்கிப்போட்டியளோ?"

"தம்பி, அவ இண்டைக்கு ரண்டு நேரம் சாப்பிட்டவா" என்றார் அக்கா. அவ்வளவுதான். என்னோடு சண்டைக்கு வரவில்லை.

ராணி போய்வரும் வேலிப் பொட்டை, ஆள் நுழையும் அந்த இடைவெளியை, முள்ளுக்கம்பி போட்டு அடைத்தேன். ராணி திரும்பவும் அறைக்குள்... அந்தப் போகத்து வெங்காயம் கிண்டி எடுத்து முடியும்வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

கடைசியில் நானே கம்பியை வெட்டினேன். மனம் திருந்தி அல்ல, அவளும் போய்விடுவாளோ என்ற பயத்தில். அன்றைக்கே அவள் தோட்டத்துக்குப் போனாள். மெல்ல மெல்லத்தான் பழைய ராணி ஆனாள்.

நான் மட்டும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஒழுங்கையில் கண்டால் "தம்பி சுகமோ?" என்பார். "ஓம்" சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்துவிடுவேன்... பிறகு வெளிநாடு.

இன்று செய்தி சொன்னதும் ராணி வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அவவுக்கு இடுப்பிலை ஒரு நோவும் இல்லை. நான் பாக்கேக்கை குனியமாட்டா. பாக்காத நேரம் கடகம் கடகமா எருத் தூக்குவா. எனக்கு அப்பவே தெரியும்."

எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"நீங்கள் ஒருக்காலெண்டாலும் அவவிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழும்பி அங்கால் போய்விட்டாள்.

அக்கா... அந்தக் கம்பி போட்டது என்ரை பிழை. போயிட்டு வாங்கோ.