சூசையின் கித்தாரும் ஓர் ஓலைக் கனமும்

கித்தார் பழுதுபார்ப்பவனுக்கு முதல் எதிரி அவன் கையிலிருக்கும் அரம்தான். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க அதற்குத் தெரியாது. எலும்பையும் மரத்தையும் தேய்த்துக் காலம் தள்ளும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கித்தாரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் கட்டையில் ஒரு காடி வெட்டியிருக்கும். அதில் செருகிய எலும்புப் பட்டைக்கு சேடில் என்று பெயர். ஆறு கம்பிகளும் அதன்மேல்தான் ஏறிப் போகின்றன. கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கித்தாரைக் கவிழ்த்தால் சேடில் விழக் கூடாது; இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும்; அடிப்பக்கம் காடியின் தரையில் முழுக்க உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் அமுங்கும். இவ்வளவுதான் வேலை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் எனக்கும் ஞானராஜுக்கும் சேர்த்து ஒரே கடை. அவர் நாசரேத்துக்காரர், ஆர்மோனியம் பார்ப்பார். நான் ஏரல், கித்தார் பார்ப்பேன். மாதா கோயில்களில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி, ஆர்மோனியத்துக்குப் போட்டியாகக் கித்தார் நுழைந்திருந்த நேரம். அதனால் அவருக்கு என் தொழில்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது.

அடியில் இருந்தது

சூசை ஆலந்தலைக்காரர். வாரத்தில் ஆறு நாள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கித்தார் வாசிப்பார். கோயில் பாட்டுக்குப் பொறுப்பான உபதேசியார், “சத்தம் இப்படியே மந்தமா இருந்தா மாதா திருவிழாவுக்கு ஆர்மோனியம் மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டாராம். திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சூசை இதைச் சொல்லிக் கித்தாரை என் மேசையில் வைத்தார். ஞானராஜுக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது.

கம்பிகளைக் கழற்றிச் சேடிலைத் தொட்டேன், இழுக்குமுன்பே வந்துவிட்டது. அடியில் நாலாக மடித்த ஓர் ஓலைத் துண்டு. தேய்ந்த சேடிலை உயர்த்த யாரோ வைத்த முட்டு என்று நினைத்து, பசை காய்ச்சும் அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் கழித்து சூசை வந்து அந்த ஓலையைக் கேட்டார். குருத்தோலை ஞாயிறன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஓலையாம், கித்தாருக்குக் காவலாக வைத்தாராம். எரித்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். சூசை பெருமூச்சு விட்டார். “எரிச்சியளா? அப்பச் சரி. மந்திரிச்ச ஓலைய எரிக்கலாம், தூரப் போட்டாத்தான் அண்ணாச்சி பாவம்.”

கறிக்கடையில்

புதுச் சேடிலுக்கு மாட்டின் கால் எலும்பு வேண்டும். நானோ முட்டைகூடத் தொடாதவன். கறிக்கடைக்காரருக்கு இது தெரியும். நீளமாக, நேராக, விரிசல் இல்லாமல் வேண்டுமென்று கேட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து மூன்றை வேண்டாமென்று ஒதுக்கினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “கறியே திங்காத ஆளு, எலும்புல குத்தம் சொல்லுதாரு பாத்தியளா?”

இரண்டு பட்டைகள்

எலும்பை வேகவைத்து, காயவைத்து, அறுத்துத் தேய்த்தேன். முதல் பட்டை காடிக்குள் நுழைய மறுத்தது. இன்னும் ஒரே ஓர் இழுப்பு என்று அரத்தைப் போட்டேன். நுழைந்தது. கவிழ்த்தேன், விழுந்தது. இரண்டாவதைப் பயந்து பயந்து தேய்த்ததில் அது பாதியிலேயே நின்றுகொண்டது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டலாம் என்று கை போயிற்று. தட்டினால் கட்டை பிளக்கும். சூசைக்குத் திருவிழா அத்தோடு போகும். சுத்தியலை வைத்துவிட்டு, காடியின் சுவரில் கரித்தூள் தடவி, பட்டையில் கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் கவிழ்த்தேன், நின்றது. இழுத்தேன், வந்தது. மாட்டிய கம்பியை மீட்டியதும் மேசையே அதிர்ந்தது. கண் கலங்கியதை மறைக்காமல் ஞானராஜைப் பார்த்தேன். அவர் துருத்தியைத் துடைத்தபடி சொன்னார்: “ஒரு எலும்புத் துண்டுக்கு மூணு நாளா? எங்களுக்குக் காத்தே வேலை பாக்கும் வே.”

திருவிழா

கோயில் வாசலில் நின்று கேட்டேன். சூசை வாசித்தார். உபதேசியார் திருப்தியாகத் தலையாட்டி, அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். ஆனால் என் மேசையில் கேட்ட சத்தம் அது இல்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு சின்ன அமுங்கல். என் காதுக்கு மட்டும் கேட்டது, என் காதுக்கு அது போதும்.

பூசை முடிந்ததும் கித்தாரை வாங்கி, கம்பியைத் தளர்த்தி, சேடிலை உருவினேன். அடியில் புது ஓலை, இந்த முறை ஒற்றையாக. மூன்று நாள் தேய்த்த தேய்ப்பெல்லாம் ஓலைமேல் உட்கார்ந்திருந்தது. ஓலையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். சூசை சாவகாசமாகச் சொன்னார்: “ஒங்க வேலையில ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. எங்க வள்ளத்துலயுந்தான் ஓட்டை இல்ல. அதுக்காக ஓலை கட்டாமலா கடலுக்குப் போறோம்?”

அதற்குப் பிறகு ஆலந்தலைப் பக்கத்திலிருந்து எந்தக் கித்தார் வந்தாலும், அடியில் வரப்போகும் ஓலைக்காகச் சேடிலின் உயரத்தை ஓர் ஓலைக் கனம் குறைத்தே தேய்த்துக் கொடுத்தேன்.