இடது கைக் கோடாலி

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை, பள்ளியும் இல்லை. ஓவிய ஆசிரியரான நான் அந்தக் காட்சியை ஜப்பானிய முறையில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட ஆசைப்பட்டேன்.

முன்னால் குறுக்கே பெரிய அடிமரம், பின்னால் கல்வராயன் மலை. மேல்பக்கம் மலையால் கனத்தது. ஈடுகட்டக் கீழ் மூலையில் ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது. என் பக்கத்து நிலத்துக் கரும்பு விவசாயியைப் படத்தில் கோடாலியோடு நிறுத்தினேன். மரம் விழுந்தபோது அவர் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நானே பார்த்தேன்.

கட்டையில் நேராக வரைந்து செதுக்கினால் அச்சில் இடம் வலமாகிவிடும். ஜப்பானியர் மெல்லிய தாளில் வரைந்து, கட்டைமேல் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுச் செதுக்குவார்கள். நானும் அப்படியே செய்தேன். நிறத்துக்கு ஒரு கட்டை. அரிசிப் பசை கலந்த வண்ணம் பூசி, தாளை வைத்து, மூங்கில் உறை சுற்றிய வட்டால் தாளின் முதுகில் தேய்த்தேன்.

அவர் இடது கைக்காரர். படத்திலும் கோடாலி இடது கையிலேயே வந்தது. அந்த அக்கறை மட்டும் எனக்கு இல்லாமல் போயிருந்தால்!

ஒரு பிரதியை டீக்கடையில் மாட்டினேன்.

"யோவ் பீச்சாங்கை, வாத்தியார் உன்ன படத்துல ஏத்திட்டாருய்யா!" என்றார் கடைக்காரர்.

"கோடாலி புடிச்சதுக்குக் கூலி இன்னா சார் தருவீங்க?" என்று விவசாயி சிரித்தார்.

மறுநாள் டீ குடிக்க வந்த போலீஸ்காரர் படத்தையும் பார்த்தார், இடது கையால் கிளாஸைப் பிடித்திருந்தவரையும் பார்த்தார். மரம் வெட்டிய வழக்கில் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். யார் வரைந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரரும் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். "ஆலையில வெட்டு உத்தரவு வந்துட்ச்சு சார். இப்ப வெட்டலன்னா கரும்பு காய்ஞ்சிடும். அவரு வயல்லதான் இருந்தாருன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சார்."

"வரேம்மா" என்றேன். போகவில்லை. அரசு வேலை போய்விடும் என்று பயம். அந்த அம்மா போனதும் உளியை எடுத்து, கட்டைகளில் இருந்த அந்த ஆளைச் செதுக்கித் தள்ளினேன்.

அவர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது கரும்பு பூத்துக் காய்ந்து நின்றது. என்னைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

அதே கட்டைகளிலிருந்து பிறகு எடுத்த பிரதியைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் வைத்தேன். "அந்த மூலையைச் சும்மா விட்டீங்க பாருங்க, அதுதான் சார் படமே" என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி என்று சொன்னேன்.