பச்சை டின்னும் சிவப்பு டின்னும்

முதல் நாள்

நான் கம்பவுண்டர். கணியம்பாடியில் ஒரு டாக்டரிடம் ஒன்பது வருடம் மருந்து கலக்கிக் கொடுத்தேன். டாக்டர் காலமானதும் டிஸ்பென்ஸரியை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்தபோது தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் துப்பாக்கி கிளப்பில் ஸ்டோர் வேலைக்குப் போனேன். அறுபதுகளின் தொடக்கம் அது. அதுவரை நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

கிளப்பின் ரேஞ்ச், அதாவது சுடும் இடம், ஜவ்வாது மலையில் இருந்தது. வேலூர் பஸ் அமிர்தியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஜீப் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடைதான். மேலே ஒரு பாறைச் சரிவு. அதற்கு முன்னால் டார்கெட் நிறுத்தும் மண்மேடு. இருபத்தைந்து கஜம் இந்தப் பக்கம் சுடும் மேடை, தகரக் கொட்டகை, இரும்புக் கதவு போட்ட ஸ்டோர் ரூம். இவ்வளவுதான் கிளப்.

பொறுப்பாளர் சுபேதார் ஏழுமலை. பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கைப் பார்த்து ரிட்டயர் ஆனவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ இன்னா வேலை பாத்துக்கினு இருந்த?”

“கம்பவுண்டருங்க.”

“தராசு புடிக்கத் தெரியுமா?”

“கிரெயின் கணக்குல நிறுப்பேனுங்க.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். அப்போதெல்லாம் டிஸ்பென்ஸரியில் பொடி மருந்தைக் கிரெயின் என்ற மிகச் சிறிய எடைக் கணக்கில்தான் நிறுப்போம். தோட்டாவுக்குள் போடுகிற மருந்துக்கும் அதே கிரெயின்தான் அளவு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுபேதார் சிரித்தார்.

“அங்கயும் மருந்து, இங்கயும் மருந்து. அங்க தப்பு பண்ணா ஒருத்தனுக்கு வயித்தால போவும். இங்க தப்பு பண்ணா கை போவும். அவ்ளோதான் வித்தியாசம்.”

வெளிநாட்டுத் தோட்டாக்கள் வருவது அந்தச் சமயத்தில் மிகவும் குறைந்துபோயிருந்தது. அதனால் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, அதாவது கேஸ்களை, தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்போம். அவற்றைக் கழுவிக் காயவைத்து, அடியில் நெருப்புப் பொறி கொடுக்கிற புதுக் கேப் பொருத்தி, உள்ளே மருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. லைசென்ஸ் வாங்கித்தான் இதைச் செய்தோம். அதுதான் என் வேலை.

எந்த மருந்து?

மலையில் சாமை விதைக்கிற குடும்பங்கள் சிலவற்றில் காட்டுப்பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அதற்குப் போடுவது கரிமருந்து. சுட்டால் புகை எழும்பி எதிரே ஒன்றும் தெரியாது. ஆறு தடவை சுட்டால் குழாய்க்குள் கரி அப்பிக்கொள்ளும். டார்கெட் சுடுகிறவருக்கு அது உதவாது. பெரிய ரைபிளுக்கான மருந்து மெதுவாக எரியும். எங்கள் கிளப்பில் சுடுவது ரிவால்வர்; அதன் குட்டைக் குழாயில் அது எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். எரியாத மணிகள் மேடையெல்லாம் சிதறிக் கிடக்கும். ஆக, சீக்கிரம் எரிகிற மருந்துதான் வேண்டும்.

அப்படிப்பட்டவை எங்களிடம் இரண்டு இருந்தன. பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. டின்னின் லேபிளை வைத்து ஒன்று சிவப்பு டின், இன்னொன்று பச்சை டின். சிவப்பு டின் மருந்து பொடிப்பொடியாக, கனமாக இருக்கும். கேஸின் அடியில் ஒரு சிட்டிகை போட்டாலே போதும். பச்சை டின்னில் இருந்தது அவல் மாதிரி செதில் செதிலாக, லேசாக இருக்கும். அதே வேகத்துக்கு அதில் நிறையப் போட வேண்டும். கேஸில் பாதிக்கு மேலேயே வந்து நிற்கும்.

எது நல்லது என்று பார்க்க, ஒருநாள் காலை மணல் மூட்டையின் மேல் ரிவால்வரை வைத்து யாகூப் பாய் சுட்டார். அவர் வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்தவர். கிளப்பில் அவரைவிட நன்றாகச் சுடுகிறவர் கிடையாது. சிவப்பு டின்னில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. பச்சை டின்னில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குப் பரவின.

“இன்னா கம்பவுண்டரே, இதுல யோசிக்க இன்னா கீது? சிவப்புதான்,” என்றார் பாய்.

சுபேதார் தாடையைத் தடவினார். “பச்சையும் மோசமில்ல பாய். கையில புடிச்சி சுடறப்போ இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்.”

சுபேதார் என்னைப் பார்த்தார். நான் சிவப்பு என்றேன். சிறிய அளவைத் துல்லியமாக நிறுத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒன்பது வருடத்தில் என் கையால் ஒரு பொட்டலம்கூடத் தப்பிப் போனதில்லை. அந்தக் கர்வத்தில் சொன்னேன்.

சனிக்கிழமை

பக்கத்து ஜில்லா கிளப்போடு எங்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஞாயிறு காலை எங்கள் ரேஞ்சில். யாகூப் பாய்க்கு ஐம்பது தோட்டா தயார் செய்ய வேண்டும்.

சனிக்கிழமை காலை வேலையில் உட்கார்ந்தேன். ஐம்பது குழி போட்ட மரக்கட்டையில் ஐம்பது கேஸ்களை நிற்க வைத்தேன். சின்ன அளவுக் கரண்டியால் மருந்தை எடுத்து, தலை தட்டி, ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு வந்தேன். பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டுச் சரிபார்ப்பேன். பாதிக்கு மேல் போயிருக்கும், ஜீப் வந்தது. யாகூப் பாய் இறங்கி நேரே ஸ்டோருக்குள் வந்தார். அங்கே நான் வேலை செய்யும்போது யாரும் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் பாயிடம் எப்படிச் சொல்வது? வாணியம்பாடியிலிருந்து வரும் வழியில் ஜீப் எங்கே நின்றது, எதிர் கிளப்பில் யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே ஊற்றினேன்.

எல்லாக் கேஸ்களையும் டார்ச் அடித்து உள்ளே பார்த்த பிறகுதான் குண்டு வைக்க வேண்டும். அன்று டார்ச் அடித்தேன், அடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆழமான கேஸின் அடியில் கறுப்பாக ஒரு சிட்டிகை கிடப்பதும் இரண்டு சிட்டிகை கிடப்பதும் அவசரப் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாய் போன பிறகு, ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுத டின்னை நிறுத்தேன். ஐம்பது தோட்டாவுக்குப் போயிருக்க வேண்டிய எடையைவிட ஒரு கரண்டி அதிகமாகப் போயிருந்தது. மறுபடி நிறுத்தேன். அதேதான். மேஜையைப் பார்த்தேன், கீழே பெருக்கிப் பார்த்தேன். சிந்தவில்லை.

தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். பலன் இல்லை. பித்தளைக் கேஸும் ஈயக் குண்டும் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே இருக்கும். அந்த வித்தியாசமே ஒரு கரண்டி மருந்தைவிட அதிகம்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு கேஸில் இரண்டு கரண்டி விழுந்திருக்கிறது; அதைச் சுட்டால் ரிவால்வர் கையிலேயே வெடிக்கும். ஆனாலும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மலைப்பனியில் ஈரம் ஏறிய மருந்து, டின்னைத் திறந்து வைத்ததில் காய்ந்து எடை குறைந்திருக்கும் என்று. ஒரு டின் அரை நாளில் அப்படிக் காயாது என்பது கம்பவுண்டருக்குத் தெரியாதா? தெரியும். ரெஜிஸ்டரில் சரியான கணக்கு மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். டார்கெட் பக்கத்துக் குழியில் வெள்ளச்சி இறங்கினாள். மேலே உள்ள ஊரில் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் அவளுடையது. போட்டி நாட்களில் குழியில் இருந்து டார்கெட்டை ஏற்றி இறக்கி, ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுவாள்.

யாகூப் பாய் முதல் ஆறு தோட்டாவைப் போட்டுச் சுட்டார். ஒவ்வொரு சத்தத்தையும் விரல்விட்டு எண்ணினேன். ஆறும் நடுவில். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அடுத்த ஆறை நிரப்பத் தொடங்கினார். அவருடைய விரல்கள் ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே தள்ளுவதைப் பார்த்தேன். ரிவால்வரை மூடினார். கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சுபேதார் உடனே சிவப்புக் கொடியைத் தூக்கினார். பாய் ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அரே, இன்னாய்யா?”

“அதுல ஒண்ணுல ரெண்டு மடங்கு மருந்து போயிருக்கும் போலங்க. எதுலன்னு தெரியல.”

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் முன்னால் அவமானம். “ஆறு சுட்டேன், ஒண்ணும் ஆவல. போலன்னு சொல்றியே, நிச்சயமா சொல்லு.”

“நிச்சயமா சொல்ல முடியாதுங்க. ஆனா சுடாதீங்க.”

சுபேதார் ரிவால்வரைத் தானே காலி செய்தார். பிறகு என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். “எப்பத் தெரியும் உனக்கு?”

“நேத்துங்க.”

“நேத்தே சொல்லியிருந்தா நீ தப்பு பண்ண ஆளு, அவ்ளோதான். அதை மறைச்சி எழுதினே பாரு, அதுக்கு இன்னா பேரு?”

அவர் ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினார். “போ. எல்லாத்தையும் பிரி,” என்றார்.

நாற்பத்து நான்கு தோட்டா. ஒவ்வொன்றாகக் குண்டை இழுத்து, மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டி நிறுத்தேன். போட்டி நின்றிருந்தது. யாகூப் பாய் கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. எல்லாம் சரியாகவே இருந்தன. ‘வேலை போய்விடும். நான் சொன்னதும் பொய்யாகிவிடும்’ என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொன்றாவது கேஸைக் கவிழ்த்தேன். தாளில் விழுந்த குவியலைப் பார்த்ததுமே தெரிந்தது. தராசு தேவைப்படவில்லை. ஆனாலும் நிறுத்தேன். சரியாக இரண்டு மடங்கு.

பாய் குனிந்து அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போட்டி மறுபடி தொடங்கியதும் வெளியூர்க்காரர் ஒருவரிடம் கம்பெனித் தோட்டா வாங்கிச் சுட்டு மூன்றாவதாக வந்தார். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளச்சி குழியிலிருந்து ஏறி வந்தபோது நான் மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். குண்டை இழுத்துவிட்டு மருந்து இன்னும் கொட்டாத ஒரு கேஸை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னா கம்பவுண்டரே, இத்தினூண்டு போட்டா ஒரு தபா போட்டியா ரெண்டு தபா போட்டியான்னு எப்டித் தெரியும்? நாங்க சாமை அளந்தா படி ரொம்பினதும் கை தானா நின்னுடும். பெரிய படியில கால்வாசி அளந்தா எனக்கும்தான் கணக்கு தப்பிப்பூடும்.”

அவள் போன பிறகும் அந்தக் கேஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பச்சை டின்னைத் திறந்து அதற்குரிய பெரிய அளவுக் கரண்டியால் ஒரு கேஸில் ஊற்றினேன். பாதிக்கு மேல் வந்தது. அதிலேயே இரண்டாவது கரண்டியையும் ஊற்றினேன். விளிம்பைத் தாண்டி வழிந்து மேஜையில் கொட்டியது.

சுபேதாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும்டா. அன்னிக்கே பச்சைன்னு சொன்னேன். ரெண்டு பேரும் கேக்கல.”

“ஏன்னு காரணம் சொல்லலீங்களே?”

“ஆமா. அது என் தப்பு.” ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். நேற்றைய வரியை அடித்து, உண்மையான எடையை எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதச் சொன்னார். எழுதினேன். வேலையை விட்டு அனுப்பவில்லை.

பிறகு

யாகூப் பாய் ஒரு மாதம் மலைப்பக்கமே வரவில்லை. வந்த அன்று நேராக ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். உள்ளே நுழையவில்லை.

“வேலையில இருக்கியா? முடிச்சிட்டு வா.”

முடித்துவிட்டு வெளியே வந்தேன். வலது கையை விரித்துக் காட்டினார். “தோலை இந்த விரலால தடவிப் பாத்துத்தான் நான் தரம் சொல்றேன். கண்ணால பாத்துச் சொல்ல எனக்கு வராது. இந்தக் கை போயிருந்தா மண்டியும் போயிருக்கும். அன்னிக்கு உன்மேல கோபம்தான். வூட்டுக்குப் போனப்புறம்தான் இன்னா தப்பிச்சேன்னு புரிஞ்சிது.” பிறகு, “பச்சையே போடு,” என்றார்.

பச்சை மருந்தில் குண்டுகள் கொஞ்சம் பரவத்தான் செய்தன. பாய் அதைப் பற்றி முணுமுணுக்காமலும் இல்லை. இரண்டாம் வருடம் அதே மருந்தில் போட்டியில் ஜெயித்தார். அதற்கு மருந்து காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நன்றாகச் சுட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ‘எந்த மருந்து துல்லியம்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது நான் சொல்வது இதுதான்: உங்கள் கை நன்றாக ஓடுகிற நாளை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தூக்கமில்லாமல் வருகிற நாள் ஒன்று இருக்கும், யாராவது வந்து பேச்சுக் கொடுக்கிற நாள் ஒன்று இருக்கும். அந்த நாளில் நீங்கள் செய்யப்போகிற தப்பு உங்கள் கண்ணில் படுமா என்று பாருங்கள். படுகிற மருந்தை எடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் தவறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வருடம் கழித்து, வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட ஒரு காலையில், ஒரே கேஸில் இரண்டு தடவை ஊற்றினேன். மருந்து வழிந்து மரக்கட்டையெல்லாம் பரவியது. ஐம்பது கேஸ்களையும் கவிழ்த்தேன். ஸ்டோரைப் பூட்டினேன். சாவியை சுபேதாரிடம் கொடுத்து, “இன்னிக்கு என் கை சரியில்லீங்க,” என்றேன்.

“போய்ட்டு நாளைக்கு வா,” என்றார்.