தூங்கினால் ஆப்சென்ட்

உங்களைத்தான் சொல்கிறேன், சார். தூக்கம் கெட்டால் படித்தது மண்டையில் தங்காது என்று பாடம் நடத்தியதும் நீங்கள்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பெண் அந்தப் பாடத்திலேயே கண்ணசந்தபோது ஆப்சென்ட் போட்டதும் நீங்கள்தான். எங்கள் துறைக்கே தலைவர். பெயரைப் போட மாட்டேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

மூளை எப்படிப் படிக்கிறது என்று படிப்பதுதான் எங்கள் படிப்பு. கல்வி நரம்பியல் என்று பெயர், பட்டப்படிப்பு. ஒரகடத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவளுக்கு, நாற்பதை நெருங்குகிற வயதில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் "உன் மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று சொல்லிச் சொல்லியே என்னை வெளியே அனுப்பினார்கள். பிறகு பிரைவேட்டாக எழுதித்தான் ப்ளஸ் டூ தேறினேன். கோளாறு என் மண்டையிலா, ஏற்றியவர்கள் கையிலா என்று நானே பார்த்துவிடலாம் என்றுதான் சேர்ந்தேன். வேலையும் பார்த்து, வகுப்புக்கும் ஓடி, இரண்டு இடத்திலும் திட்டு வாங்குகிற கூட்டாளிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. இருந்தாலும் கேளுங்கள்.

நரம்பு டாக்டர்

இங்குள்ள கம்பெனிகளில் கான்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்புகிறவர்களிடம் கட்டில், ஃபேன், அடுப்பு என்று வாங்கி, புதிதாக வந்து ரூம் எடுக்கிறவர்களுக்கு விற்பது என் பிழைப்பு. நான் படிக்கிற சேதி எப்படியோ மண்ணூர் வரை போய்விட்டது. அங்கிருந்து வந்த பெரியவர் ஒருவர் டேபிள் ஃபேன் விலையைக் கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். "நரம்பு டாக்டருக்குப் படிக்கிறியாமே. கை மரத்து மரத்துப் போவுது, இன்னான்னு பாரு."

"பெருசு, நான் டாக்டர் இல்ல. புள்ளைங்க மண்டைக்குள்ள பாடம் எப்டி போவுதுன்னு படிக்கிறேன். நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஃபேன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "வைத்தியமும் தெரியாதுன்ற. அப்போ ஃபேன் வெலையிலயாவது கொறச்சிக்க."

நார்மல் ஆட்கள்

ஒரு ப்ராக்டிகல். ஆட்களைக் கூட்டி வந்து வரிசையாகச் சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆளுக்கு நான் எங்கே போவேன்? கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், நைட் முடித்து இறங்கின என் கஸ்டமர்களை வளைத்துப் பிடித்தேன். டீயும் வடையும் என் செலவு என்று பேசி முடித்தேன். திருநெல்வேலித் தம்பி ஒருவர், "யக்கா, இது ஓ.டி.ல சேருமா?" என்றுதான் முதலில் கேட்டார். மாம்பழம், சாவி, மழை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவருக்கு நினைவிருந்தது டீ மட்டும். நான் சொன்னதில் டீயே இல்லை.

ரிசல்ட்டைத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். "தூக்கம் கெட்ட ஆளுங்க எல்லாம் இதுல வரக் கூடாது, தூக்கிப் போடுங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், வல்லக்கோட்டையிலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பாதி ஜனம் இப்படித்தான் கீது. இவங்கள உட்டுட்டு யாரு மூளைய படிக்கிறது?" என்றேன். பேப்பரை என் பக்கமே தள்ளினார். "நார்மலான ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்கம்மா."

ஒரு வார்த்தை

ஸ்டெல்லா எனக்குப் பக்கத்து சீட். போன் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிற பெண். பள்ளிக்கூடத்தில் படிப்பு வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. லைனை விட்டு வெளியே வர அவளுக்கு இந்தப் பட்டம்தான் வழி. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் வகுப்போ எப்போதும் காலையில்தான். காலை ஷிஃப்ட் வாரம் அவளால் வரவே முடியாது. நைட் வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி, கழுத்தில் கம்பெனி டேக் தொங்க நேரே வகுப்புக்கு வருவாள், டெஸ்க்கில் சாய்வாள், ஆப்சென்ட் வாங்குவாள்.

அட்டெண்டன்ஸ் போதாது, பரீட்சை எழுத முடியாது என்று நோட்டீஸ் போர்டில் அவள் பெயர் ஏறிவிட்டது. போய்க் கேட்டோம். துறைத் தலைவர் ரொம்ப அன்பாக யோசனை சொன்னார்: "நிரந்தரமா மதிய ஷிஃப்ட் வாங்கிக்கோம்மா. சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே." கான்ட்ராக்டில் இருக்கிற பெண் ஷிஃப்ட் கேட்டு வாங்குவதாம்! மூளையைக் கரைத்துக் குடித்தவருக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி கேட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நான் கத்துவதற்குள் ஸ்டெல்லாவே சொன்னாள்: "சார், அந்த ஒரு வார்த்தைய நான் சொன்னா, மறுநாள் பஸ்ஸுல என்னை ஏத்த மாட்டாங்க."

பேரம்

மறுநாள் அவர் அறைக்குள் நான் மட்டும் போனேன். "கெஞ்சாதக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா வாசலில் நின்றாள். கெஞ்சுகிற பழக்கம் எனக்கு ஏது? பேரத்தில் முதலில் பெரிதாகக் கேட்க வேண்டும். "மூணு ஷிஃப்டுக்கும் மூணு நேரம் க்ளாஸ் வைங்க" என்றேன். "இது காலேஜ்மா, கம்பெனி இல்ல" என்றார். இறங்கினேன். "சரி, ரெண்டு. ஒரே பாடம், காலையில ஒரு தடவ, மதியம் ஒரு தடவ. எதுக்கு வந்தாலும் பிரசன்ட். மதியத்துல ரூம் பூட்டித்தானே கெடக்குது? ஸ்டெல்லாவுக்கு விட்டுப்போன பாடத்த இப்பவே மதியத்துல நடத்துங்க, பரீட்சை எழுதட்டும்."

"ஒருத்தருக்காக டைம்டேபிள மாத்த முடியுமா?"

"ஒருத்தரா? எங்க க்ளாஸ்ல பாதிப் பேரு ஷிஃப்ட் ஆளுங்க. 'வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்'னு ஒரகடத்துல பெருசா போர்டு வச்சி எங்கள இட்டாந்ததே நீங்கதானே?"

குரல் வராந்தா வரை போயிருக்கும். போகட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், "பார்க்கலாம்" என்றார். நான் வெளியே வந்து சொன்னதும் ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினாள். "பாக்கலாம்னு போற கஸ்டமரு திரும்பி வர மாட்டாங்கன்னு நீதானக்கா சொல்லுவ?"

பரீட்சை நெருங்கிவிட்டது. போர்டில் அவள் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊரெல்லாம் ராத்திரி முழித்து வேலை செய்கிற இடத்தில் வந்து தூக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற சார், அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஸ்டெல்லாவைப் பரீட்சைக்கு உட்காரவைத்து, மதிய வகுப்பையும் தொடங்குங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி வந்துவிட்டேன், இதற்குக் கீழே எனக்குக் கட்டாது.