செவ்வந்தி இறங்க மறுத்த இடம்

ஜவ்வாது மலைக்காரர்களுக்குப் பயம் என்றால் கரடிதான் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். செவ்வந்திக்குக் கரடி பழகிய ஜென்மம். அவளுக்கு ஆகாதது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் விஜயராஜ் கை தட்டிக்கொண்டு வந்து, இன்றைக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை, யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்வதுதான்.

அடிவாரத்து ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் மெஷினில் உட்காருகிறவள் அவள். ஆறு மணிக்கு மலைக்குக் கடைசி பஸ். அதை விட்டால் கம்பெனி வேன்தான் கதி. அது கீழே படவேடு ஊர்ப் பெண்களை வீட்டு வாசலில் இறக்கும். மலைப் பெண்களை மட்டும் செக்போஸ்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு ஏழு கிலோமீட்டர் ஏற்றம். போன வருஷம் ஒரு ஓ.டி. நாளில் அப்படி நடந்து வந்தபோதுதான், கூட வந்த ஈஸ்வரி பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கால் கூடிவிட்டது, ஆனால் ஓ.டி. நாளில் இனி அந்த ஏற்றத்தை நடக்க முடியாது. வேலையை விட்டாள். ஏன் விட்டாள் என்று கம்பெனியில் ஒருத்தரும் கேட்கவில்லை. வேலையையும் விடுவதில்லை, அந்த வழியில் இனி நடப்பதுமில்லை என்று செவ்வந்தி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டினால் போதுமா, பேச ஆதாரம் வேண்டாமா? தொழிற்சங்கச் செயலாளர் பஞ்சாட்சரத்திடம் போய், கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டாள். உனக்கெதுக்கும்மா அதெல்லாம் என்று அவர் இழுத்தார். ஜெராக்ஸ் கைக்கு வரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பதினெட்டாம் பிரிவை பஸ்ஸிலேயே படித்துப் படித்து மனப்பாடம் செய்தாள். ஓ.டி. கட்டாயம்தான், மறுத்தால் நடவடிக்கை உண்டு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. முந்தின நாள் மத்தியானத்துக்குள் சீல் போட்ட நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். பெண்களை வீடு வரை கொண்டுபோய் விட வேண்டும். கம்பெனியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, சங்கமும் போட்டிருக்கிறது. இரண்டு பேருமே படித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஆயுதபூஜைக்கு மறுநாள் சாயங்காலம் விஜயராஜ் வழக்கம்போலக் கை தட்டினார். செவ்வந்தி மெஷினை நிறுத்தி உறை போட்டாள். பலகையில் ஒன்றும் ஒட்டவில்லையே சார், நான் கிளம்புகிறேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். நாற்பது பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் காலை அவள் கையில் மெமோ: வேலை மறுத்த உன்னை ஏன் நீக்கக் கூடாது?

பஞ்சாட்சரம் பதறிப்போனார். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, நான் பேசி முடிக்கிறேன் என்று கெஞ்சாத குறை. தப்புப் பண்ணவங்க எழுதட்டும் என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

விசாரணை அன்று விஜயராஜ் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். ஓ.டி. நோட்டீஸ், முந்தின நாள் தேதி, கீழே சீல். காலையிலேயே ஒட்டினோம், இந்தம்மாதான் பார்க்கவில்லை என்று கூசாமல் சொன்னார். பஞ்சாட்சரம் தலையைத் தொங்கப்போட்டார். செவ்வந்தி தாளை வாங்கித் தேதியைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தேதி ஆயுதபூஜை. கம்பெனி பூட்டிக் கிடந்த நாள். அதற்கு முந்தின சாயங்காலமே கத்திரி, ரெஜிஸ்டர், சீல் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூஜை போட்டிருந்தார்கள். அப்படி வைத்ததை லீவு முடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவார்கள். தாளைத் தயார் பண்ணியவர் அவசரத்தில் ஒருநாள் பின்னால் எண்ணியதோடு சரி, அது என்ன நாள் என்று யோசிக்கவில்லை.

"சார், அன்னிக்கு இந்த சீலு பூஜையில இருந்துது. நான்தான் அதுக்குப் பொட்டு வெச்சேன். மறுநாள் கற்பூரம் காட்டி எடுத்தது நீங்க. பூட்டின ரூமுல சாமியா எழுந்து வந்து சீலு குத்திச்சி?"

விசாரணை செய்ய வந்தவர் பேனாவை மூடிவிட்டார். பஞ்சாட்சரத்துக்கு அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. பொய்த் தாளுக்கு யார் பொறுப்பு என்று மேசையைத் தட்டிக் கேட்டார். சாயங்காலத்துக்குள் மெமோ வாபஸ்.

அடுத்த வாரம் நோட்டீஸ் ஒழுங்காக முந்தின நாளே பலகையில் ஏறியது. செவ்வந்தி இரண்டு மணி நேரமும் இருந்து, ஒரு ஜோடி குறையாமல் தைத்துக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். செக்போஸ்டில் டிரைவர் சின்னராசு வண்டியை நிறுத்தினான். மற்ற மூன்று மலைப் பெண்களும் பழக்கதோஷத்தில் எழுந்தார்கள். செவ்வந்தி அவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இங்க இன்னா இருக்குது, எறங்கறதுக்கு? வூடு வரைக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்க வூடு மேல இருக்குது."

சின்னராசு விஜயராஜுக்குப் போன் போட்டான். நாலு பேரும் இறங்கமாட்டேன் என்கிறார்கள் என்று இரண்டு தரம் சொன்னான். பிறகு சரிங்க சார், சரிங்க சார் என்று போனை வைத்துவிட்டு, முதல் கியரைப் போட்டான்.

ஏழு கிலோமீட்டரும் வேன் முனகிக்கொண்டே ஏறியது. ஊர் முனையில் ஈஸ்வரியின் வீடு. சத்தம் கேட்டு அவள் வெளியே வந்து, கம்பெனி வேனைப் பார்த்துத் திகைத்து நின்றாள். செவ்வந்தி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஓ.டி. அன்னிக்கு வண்டி இனிமே வூட்டுக்கே வரும்டி. காலையில என்கூட பொறப்படு, உன் வேலைய போய்க் கேப்போம்."