சோத்துக்கை மவுஸ்

பாலுவின் வலது கையில் மிச்சமிருப்பது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். நடுவிலிருந்த மூன்றையும் கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் பிரெஸ் மெஷின் தின்றுவிட்டது. பட்டறைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதை நினைத்தாலே என் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும்.

அதற்கு முன்னால், மாம்பலத்தில் காஷிஃபின் கேமிங் சென்டரில் அவனை ஜெயிக்க ஆளில்லை. நானும் அங்கே விளையாடுகிறவன்தான். விளையாடுவது என்றால், பாலுவிடம் தோற்பது.

கை போன பிறகு பாலவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கார் வந்தால் சல்யூட் வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்கள். பின்சீட்டுப் பிள்ளைகள் மூன்று விரலை மடக்கிக்கொண்டு பதில் சல்யூட் வைக்கும். பெரியவர்கள் அதற்குச் சிரிப்பார்களாம்.

அவன் மனைவி ஷீலா வேறு ரகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தட்டிலிருந்த ஸ்பூனை எடுத்து வீசிவிட்டு, அவன் இடது கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தாள்.

"ஸ்பூனு இன்னாத்துக்குயா? இனிமே இதான் உன் சோத்துக்கை."

ஊரே பீச்சாங்கை என்று முகம் சுளிக்கிற கைக்கு அந்த வீட்டில் பெயர் மாறியது இப்படித்தான். சிந்திச் சிதறி, கடைசியில் மீன் முள்ளைக்கூட அந்தக் கையாலேயே பிரித்தெடுக்கப் பழகிவிட்டான். "சோத்துக்கைல வாங்குயா" என்று அவள் டம்ளரை நீட்டினால் இடது கையை நீட்டுவான். அந்த வீட்டில் நடந்த ஒரே நல்லது அதுதான்.

போன மாதம் காஷிஃப் தன் சென்டருக்கு ஒரு டீம் சேர்ப்பதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, தேறினால் மாதச் சம்பளம். பாலு கீபோர்டை வலது கையின் இரண்டு விரலுக்குப் பழக்கிக்கொண்டு, மவுஸை இடது கையில் பிடித்தான்.

"ஸ்கிரீன்ல எவனுக்கும் என் கை தெரியாது மச்சி" என்றான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் கேமிங் மவுஸ் செய்கிற புண்ணியவான்களுக்கு உலகத்தில் இடது கை ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது. உள்ளங்கைக்கு மேடு, கட்டைவிரலுக்குப் பள்ளம் என்று இதமாக இருப்பதெல்லாம் வலது கைக்கே. இரண்டு கைக்கும் பொதுவென்று விற்கிற சப்பை மவுஸில் அவன் மணிக்கட்டு மேசையில் உரசி உரசி வீங்கியது. இடது கைக்கென்று ஆன்லைனில் இருந்ததன் விலையை நாங்கள் ஒருமுறை பார்த்ததோடு சரி. அலைந்து திரிந்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் கட்டுப்படியாகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தோம். கடைசிப் பீஸ். பாலு அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினான். உள்ளங்கை அப்படியே அமர்ந்துவிட்டது. சனிக்கிழமை காசோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை, ஷீலா வேலை பார்க்கிற ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் சம்பளம். பாலுவுக்கு டியூட்டி, அதனால் மவுஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவளே போனாள். கடையில் அன்று வேறு ஆள்.

"எந்தக் கைக்குமா?" என்று கேட்டிருக்கிறான்.

"சோத்துக்கைக்குதான்பா."

இடது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கைக்கு அவளிடம் வேறு பெயர் கிடையாது.

சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். பாலு வந்ததும் வராததுமாக டப்பாவின் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். மவுஸை எடுத்து இடது கையை வைத்தான். மேடு தப்பான பக்கத்தில் இடித்தது. பிறகு வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தான். கட்டைவிரல் பள்ளத்தில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் உட்கார்ந்தது. நடுவில் மூன்று விரலுக்கான இடம் பளபளவென்று காலியாகக் கிடந்தது.

"இன்னாயா, சரியா கீதா?" என்று கேட்டபடி அடுப்படியிலிருந்து ஷீலா வந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நல்லாத்தான் கீது" என்றான் பாலு.

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைசிப் பீஸ் மத்தியானமே விற்றுப்போயிருந்தது. பல் பட்ட டப்பாவைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சப்பை மவுஸோடு உட்கார்ந்தான். முதல் இரண்டு ஆட்டமும் அவனுக்கே. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. மூன்றாவதில் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. அவன் ஒரு பக்கம் இழுக்க, குறி இன்னொரு பக்கம் போனது. பதினேழு வயதுப் பையன்கள் ஸ்கிரீனில் வரிசையாக அவனைச் சுட்டார்கள்.

"அடுத்த வாட்டி பாக்கலாம் மச்சி" என்று காஷிஃப் தரையைப் பார்த்துச் சொன்னான். அடுத்த வாட்டி என்று ஒன்று இல்லை. டீம் அன்றைக்கே நிரம்பிவிட்டது.

வீட்டில் ஷீலா வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். எனக்கும் தட்டு போட்டாள். பாலு இடது கையால் சோற்றை அள்ளினான். பாதி தூரத்தில் மணிக்கட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. சோறு மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினான். மறுபடி விழுந்தது.

ஷீலா கையைக் கழுவிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்து, பிசைந்து உருட்டி, அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயத் தொற" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.