சாய்வெழுத்துக்கு ஒரு புள்ளி

லிஃப்ட் அண்ணன் யாரிடமும் பகடையைச் சும்மா கொடுத்ததில்லை. மேசையில் அதன்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார். கதையில் வரும் எதிரியை "வெட்டுறேன்" என்று சொன்னால், "எப்படி வெட்டுற?" என்பார். சொல்லி முடிக்கும்வரை கை நகராது. அவரோடு விளையாடிய இத்தனை வருடங்களில் கேட்காமல் அந்தக் கை விலகி நான் பார்த்ததே இல்லை.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவசர அழைப்புக்காக அலுவலகத்துப் போனருகே ஒருவர் இருந்தாக வேண்டும். மற்றவர்கள் தட்டிக்கழித்த அந்த முறையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அலுவலகத்துக்குப் பின்னால் உதிரிபாகங்கள் கிடக்கும் அறையில், இரும்புக் கயிறு சுற்றி வந்த இரண்டு காலி உருளைகளின் மேல் ஒரு பழைய லிஃப்ட் கதவைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருந்தார். நட்டும் போல்ட்டும்தான் எங்கள் வீரர்கள், மந்திரவாதிகள். அண்ணன் கதையை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு சக்திக்கும் மேலே இரண்டு வரி சாய்வெழுத்தில் இருக்கும். வாள் நிலவொளியில் உறைந்தது, நிழலைத் தைத்தது என்கிற மாதிரி. கீழே நேரெழுத்தில் எவ்வளவு காயம், எத்தனை கட்டம் என்ற கணக்கு. ஆட்டத்தில் செல்லுபடியாவது கணக்கு மட்டும்தான். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"நாள் பூரா எத்தனை கிலோ, எத்தனை பேருன்னு பார்த்தே பொழப்பு ஓடுது. இங்க வந்தும் கணக்குதானா?"

"மாத்திரை அட்டையில அழகா படம் போட்டிருப்பான் லிஃப்ட்டு. அதுக்காக அட்டையையா முழுங்குவ?" என்றார் மருந்துக்கடை அக்கா. எங்கள் குழுவில் மூத்தவர், வாய்க்கும் மூத்தவர்.

அண்ணன் கேட்கவில்லை. அழகாக வருணித்தால் பகடையில் விழுந்த எண்ணோடு ஒரு புள்ளி கூடும் என்று சொந்தமாக ஒரு விதி போட்டார். அந்தப் புள்ளியை அதிகம் வாங்கியவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் பொறுக்கிய சொற்களை வீட்டில் பேசினால் அம்மா, "காய்ச்சலாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இங்கே அவற்றுக்கு விலை இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

நான்காவது ஆள் அண்ணனின் தம்பி. வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர். பேச்சு திக்கும். சொல்லின் முதல் எழுத்திலேயே சிக்கி நிற்பார். விதிப் புத்தகம் மட்டும் தலைகீழ்ப் பாடம். அவருடைய பாத்திரம் கேடயம் தாங்கிய காவலன். எந்தக் கட்டத்தில் நின்றால் பலவீனமான ஆளின்மேல் அடி விழாதோ, கச்சிதமாக அங்கே போய் நிற்பார். பாதி நாள் அந்தப் பலவீனமான ஆள் என் மந்திரவாதிதான். அப்படி நிற்பதற்குப் புள்ளி கிடையாது. "எப்படிடா நிக்கிற?" என்று அண்ணன் கேட்பார். "நி... நிக்கிறேன்" என்பார் தம்பி. அண்ணன் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிடுவார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. கேட்டுக்கேட்டுப் பழக்கினால் தம்பிக்கு நாக்கு திரும்பிவிடும் என்று உண்மையிலேயே நம்பினார். "வெளிய எவன்டா அவனுக்காகக் காத்துக்கிட்டிருப்பான்? இங்க நாம காத்திருக்கோம்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையில் எங்கள் கூட்டம் ஒரு பாலத்தைக் கடந்து தப்ப வேண்டியிருந்தது. துரத்தி வந்த படையைப் பாலத்தின் வாயில் மறிக்க ஒருவர் தேவை. தம்பி பேசாமல் தன் போல்ட்டை எடுத்து அங்கே வைத்தார்.

பகடைமேல் கை. "எப்படி மறிக்கிற? இன்னைக்காவது சொல்லு."

"நி... நி..."

நாங்கள் காத்திருந்தோம். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"நிக்கிறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கை விலகியது. தம்பி உருட்டினார். காவலன் பிழைக்கத் தேவையான எண்ணுக்கு ஒன்று குறைந்தது.

"அந்த ஒத்தப் பாயிண்ட்ட குடுத்துத் தொலை லிஃப்ட்டு" என்றார் அக்கா.

"இப்ப குடுத்தா பாவம் பாத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்க்கா. அவனுக்கே பிடிக்காது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் சொல்றேன். கேடயத்துல மோதற மழை, அவன் கண்ணுல..." என்று ஆரம்பித்தேன்.

"வே... வேணாம் டிகிரி." தம்பி என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்தார். "எ... என் ஆளு. நிக்கிறேன்னு சொன்னேன். அதுல என்ன கொ... கொறைச்சல்?"

அண்ணன் பதில் சொல்லத் தொடங்குமுன் போன் அடித்தது. எங்கோ ஒரு குடும்பம் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாத்திரம் செத்தாலும் அதன் முடிவை அண்ணன்தான் சொல்வார். அவர் சொல்லி முடித்தால்தான் சாவு. கருவிப் பையை எடுத்தபடி, "வந்து சொல்றேன்டா, நல்லா சொல்றேன்" என்று ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் தம்பி போய்விட்டார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும்.

அண்ணன் அந்தப் புள்ளி விதியைத் தூக்கிவிட்டார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள், மாமாவின் முட்டி வலியைப் பற்றிப் பேசினார்கள். விதி மாறிவிட்டது என்று அண்ணன் சொன்னதற்குத் தம்பி, "ச... சரி" என்றாராம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

காவலனின் முடிவை எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தார் அண்ணன். வண்டியில் போகும்போது எனக்குச் சொல்வார். ஒன்றில் பாலமே இடிந்தது, ஒன்றில் எதிரிகள் மண்டியிட்டார்கள். ஒவ்வொன்றும் கேட்க நன்றாகவே இருந்தது. "போய் அவர்கிட்ட சொல்லுங்கண்ணா" என்பேன். "எல்லாம் என் பேச்சாவே இருக்குடா. அவன் ஆளு இப்படிச் சாக மாட்டான்" என்பார். பிறகு கம்பெனி அவரை வேறு ஊருக்கு மாற்றியது. முடிவைத் தம்பியிடம் சொல்லாமலே போனார்.

இப்போது ஆட்டம் என் வீட்டு மாடியில் நடக்கிறது. நான்தான் நடத்துகிறேன். பகடையை மேசை நடுவில் போட்டுவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது போதுமா, சாய்வெழுத்தே வேண்டாம் என்றால் எதற்கு இந்த விளையாட்டு, தெரியவில்லை. போன மாதம் தம்பி ஓடு பதித்துக்கொண்டிருந்த வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். முட்டி போட்டபடி ரப்பர் சுத்தியலால் ஓட்டின் மூலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டத்துக்குப் புதுசா ஒரு ஆள எழுதிக்கிட்டு வாங்கண்ணே. எதுவும் கேக்க மாட்டேன்."

அடுத்த ஓட்டை எடுத்து, அடியில் கலவையைத் தடவி, உட்கார வைத்து, மட்டம் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"பு... புது ஆள் எப்படி எழுதறது? ப... பழைய ஆளு இன்னும் சாகலயே. அண்ணன் வ... வந்து சொல்றேன்னாரு."